சங்கக் கணினி: பாவு பிணைப்பதா, புதிதாகக் கோப்பதா?

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசமாக அளித்து வந்த பாதுகாப்புப் பராமரிப்பு முடிவுற்றது. அது முதற்கொண்டு நாம் பார்வையிடச் செல்லும் சங்கங்களில் ஒரே கேள்வி நம்மை எதிர்கொள்கிறது. “ஏனுங்க, கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிச்சுப் புதுசாப் போட்டுடலாங்களா, இல்லை, இருக்கறது மேலேயே அப்கிரேடு பண்ணிக்கலாங்களா?” என்று காரியதரிசி கேட்கிறார். நிர்வாகக் கமிட்டியில் ஒருவர் முன்னதை ஆதரிப்பார். மற்றொருவர் பின்னதை ஆதரிப்பார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

பொள்ளாச்சி, உடுமலை, பழனி மார்க்கங்களில் செல்லும் பேருந்துகள் உக்கடத்தில் வந்து நிற்கின்றன. அப்பக்கத்துச் சங்கத்தார் சிலர் கணினிப் பெட்டியைத் துணியிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவதை நாம் கண்டிருக்கிறோம். பழுது பார்க்கும் கடையிலிருந்து பெட்டி மாலைக்குள் திரும்பிவிடும். அதனுள் இருந்தவை யாவும் திரும்புமா என்பதே அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்வி. நெசவாளரின் பங்குத் தொகை, சேமிப்புப் பிடித்தம், நூல் வழங்கிய கணக்கு, கூலிப் பட்டி, கடன் பெற்ற விவசாயியின் பற்றுவரவு ஆகிய இத்தனையும் இன்று பல சங்கங்களில் அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பேரேடுகள் காகிதத்தில் இருந்த நாளில் கரையானுக்கு அஞ்சினோம். இப்போது அஞ்ச வேண்டியது ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடக் கூடிய ஒரு பொத்தானுக்கு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். பராமரிப்பு முடிந்ததனால் விண்டோஸ் 10 கணினி நின்றுவிடாது. நேற்றுப் போலவே இன்றும் ஓடும். புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் வேலைதான் நின்றுபோகிறது. அதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மே மாத நிகழ்ச்சியை நினைவூட்டலாம். அம்மாதம் 12-ஆம் நாள் கிளம்பிய ‘வான்னாகிரை’ என்னும் நாசகார நிரல் நூற்றைம்பது நாடுகளுக்கு மேல் பரவி, கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. நம் மேற்கு எல்லைக்கு அப்பால் வயநாடு மாவட்டத்தில் தரியோடு ஊராட்சி அலுவலகத்துக் கணினிகளும் அதில் சிக்கின. அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-இல், வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் அடிபட்டன. 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு பராமரிப்பு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கோ, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசர அவசரமாக அடைப்பு கிடைத்தது. ஆகவே மாறத்தான் வேண்டும். எவ்வாறு மாறுவது என்பதே விஷயம்.

இதை விளக்கத் தறியே போதும். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், பழைய பாவின் கடைசி இழைகளை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைத்து இழுத்துக்கொள்வது ஒரு வழி. இழை கோத்த வரிசை மாறாது. வேலையும் விரைவில் முடியும். ஆனால் தேய்ந்த விழுதும், வளைந்த அச்சுப் பல்லும், இடம் மாறிக் கோத்த இழையும் அடுத்த பாவிலும் தொடரும். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து முதலிலிருந்து கோப்பது மற்றொரு வழி. இதில் குறைகள் ஒழியும், நாள் பிடிக்கும். கோத்த வரிசையை எழுதி வைக்காமல் கழற்றியவர் பிறகு விழிப்பார். கரும்பு விவசாயிக்கு இதையே கட்டைக் கரும்பு என்றும் கரணை நடவு என்றும் சொல்லிவிடலாம். கட்டை விட்டால் விதைக்கரணைச் செலவும் நடவுக் கூலியும் மிச்சம். முன்பயிரில் இருந்த நோயும் அடிக்கட்டையோடு சேர்ந்து வரும்.

அப்கிரேடு என்பது பிணைத்தல். விண்டோஸ் 10-இன் மேலேயே விண்டோஸ் 11 அமர்கிறது. கணக்குகள், கடிதங்கள், நிரல்கள், அச்சு இயந்திரத்தின் அமைப்பு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். தகுதியுள்ள கணினிக்கு இதற்குக் கட்டணமும் இல்லை. பழைய அமைப்பு ஒரு தனிக் கோப்புறையில் பத்து நாள் வைக்கப்பட்டிருக்கும். மனத்துக்கு ஒவ்வாவிடில் அதற்குள் திரும்பிவிடலாம். ஃபார்மட் செய்து புதிதாக நிறுவுவதில் இந்தப் பத்து நாள் தவணை கிடையாது.

நம் பக்கத்தில் கணினிக்கு எந்த நோய் வந்தாலும் ‘ஃபார்மட்’ என்ற ஒரே மருந்தைச் சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கோளாறு எங்கே என்று தேடப் புகுந்தால் அரை நாள் போகும். தேடியதற்குக் கூலி கொடுக்க நாம் தயங்குகிறோம். துடைத்துப் போடுவதோ நேரம் தெரிந்த வேலை, கூலி தெரிந்த வேலை. ஆகையால் அவர் துடைக்கிறார். வேகம் குறைந்தது என்று கொண்டுவரப்படும் பெட்டிகளில் பலவற்றுக்கு, சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைத்தாலே போதும் என்பது நம் அனுபவம். பழைய தட்டில் உள்ளதை அப்படியே புதிய தட்டுக்குப் பிரதி எடுத்து மாற்றவும் வழி உண்டு. அதற்காகத் துடைக்க வேண்டியதில்லை.

இனி, எல்லாப் பெட்டியிலும் பிணைக்க முடியுமா என்றால், முடியாது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும் வேண்டும். அவை பெரிய தடையல்ல. தடையாவது இரண்டு. இன்டெல் நிறுவனத்துச் சில்லாயின், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அத்தலைமுறை 2017-இல்தான் சந்தைக்கு வந்தது. இரண்டாவது, டி.பி.எம். 2.0 எனப்படும், பூட்டுச் சாவிகளைக் காக்கும் அமைப்பு. இது பல கணினிகளில் இருந்தும் முடக்கி வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் திரையில் அதனை இயக்கிவிட்டால் ‘தகுதியற்றது’ என்று தள்ளப்பட்ட பெட்டி தகுதியுடையதாகிவிடும். புதிய கணினிக்குக் கொட்டேஷன் வாங்கத் துணியும் முன்பு, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பி.சி. ஹெல்த் செக்’ என்னும் சோதனையை ஒருமுறை ஓட்டிப் பார்க்குமாறு கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறோம். 32 பிட் விண்டோஸ் 10 ஓடும் கணினியில் மட்டும் பிணைக்க வழியே இல்லை. விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில்தான் உண்டு. இன்னும் விண்டோஸ் 7-இல் இருப்பவர்களுக்கும் நேர் வழி கிடையாது.

இந்த 32 பிட் கணினிகளில் ஒரு தனி ஆபத்து மறைந்திருக்கிறது. முற்காலத்தில் டாஸ் முறையில் எழுதி வாங்கிய கணக்கு நிரல்களை இன்றும் விடாது வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு. 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடா. புதிதாக நிறுவிய மறுநாள் காலையில்தான் இது தெரிய வரும். நிரல் எழுதிக் கொடுத்தவர் எங்கிருக்கிறார் என்பது அதற்குள் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அப்படிப்பட்ட சங்கம், அந்த நிரலிலிருந்து எல்லா அங்கத்தினர் கணக்கையும் அச்செடுத்துக் கையெழுத்திட்டு வைத்த பிறகே அப்பெட்டியைத் தொட வேண்டும். ஒரு பழைய கணினியை இணையத் தொடர்பு இன்றி அந்த ஒரு நிரலுக்கென்றே ஒதுக்கி வைப்பதும் தகும்.

துடைத்தலில் போவது எது, தங்குவது எது என்பதில் நம் சங்கத்தார்க்குத் தெளிவு போதாது. ‘டி டிரைவைத் தொட மாட்டோம்’ என்று கடையில் சொல்வார்கள், அது உண்மையே. ஆனால் திரையின் முகப்பில் வைத்தவையும், ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையில் வைத்தவையும் சாதாரணமாகச் சி டிரைவைச் சேர்ந்தவை. கைத்தறிச் சங்கம் ஒன்றில் இரண்டாண்டுச் சரக்கு இருப்புப் பதிவேட்டை எழுத்தர் முகப்பிலேயே வைத்திருந்தார், தேடாமல் எடுக்க வசதி என்று. பெட்டி கடைக்குப் போய்த் திரும்பியது. பதிவேடு திரும்பவில்லை. காகிதப் பட்டியல்களைக் கட்டுக் கட்டாக அவிழ்த்து மீண்டும் பதிந்து முடிக்கப் பல நாள் பிடித்தது. அதுவரை கூலிப் பட்டுவாடா தடுமாறியது. பத்து இலக்க நஷ்டம் ஒன்றும் இல்லைதான். ஆனால் வாரக் கூலியை நம்பி அடுப்பு மூட்டுகிற வீட்டில் ஒரு வாரம் என்பது சிறிதன்று.

அதே சங்கத்தில் மற்றொரு விந்தையும் நேர்ந்தது. டி டிரைவில் பத்திரமாக இருந்த பழைய தீர்மானங்களைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ரோமன் எழுத்துகளின் குப்பை தெரிந்தது. கோப்புகள் கெட்டுவிட்டன என்றே எல்லோரும் கருதினர். கெட்டது கோப்பு அன்று. எழுத்துரு இல்லாமற் போனதே காரணம். ஒருங்குறி பரவுவதற்கு முன் ‘வானவில்’, ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அந்தந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். 1999-இல் டாம், டாப் என்னும் குறியீடுகளைத் தரமாக அறிவித்த தமிழ்நாடு அரசு, 2010 ஜூன் மாதம், நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாளில், ஒருங்குறியையும் டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றது. அதற்கு முந்திய ஆவணங்களை வைத்திருக்கும் சங்கம், துடைக்கும் முன் விண்டோஸின் ‘ஃபாண்ட்ஸ்’ கோப்புறையில் உள்ள தமிழ் எழுத்துருக்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளட்டும். ஓய்ந்த நேரத்தில் அவ்வாவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன.

டாலி வைத்துள்ள சங்கத்தார், துடைப்பதற்கு முன்பே உரிமத்தைச் ‘சரண்டர்’ செய்துவிட வேண்டும். புதிய அமைப்பில் அதை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். செய்யாமல் துடைத்தால் உரிமத்தை மீட்க அலைய நேரும். மின் கையொப்பச் சான்று தனி டோக்கனில் இருப்பதால் அழியாது. அதற்குரிய டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டும். பாஸ்புக் அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் இயந்திரத்துக்கும் அப்படியே. புட்டா, பார்டர் டிசைன்களைக் கணினியில் வரைந்து ஜக்கார்டுக்குக் கொடுக்கும் சங்கங்கள் டிசைன் கோப்புகளோடு அந்த நிரலின் சிடியையும் டாங்கிளையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பேசட்டும். உலாவியில் சேமித்த கடவுச் சொற்களை நம்பியிருப்பவர் அவற்றை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் நாம் துடைத்தலுக்கு விரோதி என்று எண்ண வேண்டா. சில பெட்டிகளில் பிணைப்பதே பிழை. இரண்டாம் கையாக வாங்கிய கணினியில் முன்னவர் என்னென்ன விட்டுப் போனார் என்பது தெரியாது. அதைத் துடைத்துவிட்டுத்தான் சங்கக் கணக்கை ஏற்ற வேண்டும். வைரஸ் புகுந்த கணினியும் அவ்வாறே. புகுந்தது முழுதும் நீங்கிற்றா என்று அறுதியிட்டுச் சொல்லத் திறமையாளராலும் எளிதில் இயலாது. எல்லாவற்றிலும் மோசமானது ‘கிராக்’ போட்ட விண்டோஸ். உரிமம் வாங்காமல் இயங்குதளத்தை ஏமாற்றும் அச்சிறு நிரல், கணினியின் சகல அதிகாரங்களோடும் ஓடுவது. அதனுள் வேறு என்ன ஒளிந்திருக்கிறதென்று தந்தவர்க்கும் தெரியாது. அதன்மேல் அப்கிரேடு செய்வது, நோய்ப்பட்ட கட்டையை விட்டுவிட்டு நல்ல விளைச்சலை எதிர்பார்ப்பதாகும். பொதுப் பணத்தைக் காக்கும் சங்கம் உரிமம் வாங்கிப் புதிதாக நிறுவுவதே முறை.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் நிலை சற்று வேறு. 2022 ஜூன் 29-இல் மத்திய அமைச்சரவை 63,000 சங்கங்களுக்காக 2,516 கோடி ரூபாயில் ஏற்ற கணினிமயத் திட்டத்தின்படி, நபார்டு வழியாக ஒரு பொது மென்பொருள் அமைக்கப்பட்டது. அதில் ஏறிய கணக்குகள் தொலைவில் உள்ள சர்வரில் இருக்கின்றன. சங்கத்துக் கணினி ஒரு சன்னல் மாத்திரம். சன்னலை மாற்றினால் வீட்டுச் சாமான் போகாது. ஆயினும் ஏற்றப்படாத பழைய ஆண்டுக் கணக்குகள் அதே பெட்டியில் கிடக்கும் என்பதைக் காரியதரிசிகள் மறக்கலாகாது.

எந்த வழியாயினும், தொடுவதற்கு முன் பிரதி வேண்டும். பிரதி எடுத்தோம் என்று சொல்வதோடு நில்லாமல், அதை மற்றொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பென் டிரைவ், எண்ணிப் பாராமல் வாங்கி வைத்த பணக்கட்டு மாதிரி. தணிக்கைத் துறையின் பழக்கம் ஒன்றை இங்கே சிபாரிசு செய்வோம். வேலைக்கு முன்பு இருப்பாய்வையும், ரொக்கக் கையிருப்பையும், நாலைந்து அங்கத்தினரின் பற்றுவரவையும் அச்செடுத்துத் தலைவரும் காரியதரிசியும் ஒப்பமிடட்டும். வேலை முடிந்ததும் அவற்றையே மறுபடி அச்செடுத்து வரிக்கு வரி ஒப்பிடட்டும். ஒரு ரூபாய் மாறினாலும், அப்கிரேடு செய்தவர்க்குப் பத்து நாள் தவணை இருக்கிறது. துடைத்தவர்க்குப் பிரதி இருக்கிறது.

காலமும் பார்த்துச் செய்ய வேண்டும். மார்ச்சுக் கடைசியிலும் தீபாவளி விற்பனை மும்முரத்திலும் இதில் இறங்குவது விவேகமன்று. உக்கடம் மேம்பால வேலை 2018-இல் தொடங்கி, கீழே வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கவே நடந்து, 2024 ஆகஸ்ட் 9-இல் பாலம் திறக்கப்பட்டது. ஓட்டம் நிற்காமல் செய்யும் வேலைக்கு என்ன பொறுமை வேண்டும் என்பதை அவ்வழியே நாள்தோறும் போய் வந்தவர் அறிவர். சங்கத்துக்கு அவ்வளவு வேண்டாம்; ஒரு சனி ஞாயிறு போதும்.

புதிதாக நிறுவும்போது கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றால் உள்ளே நுழைந்தால், வசதியுள்ள கணினிகளில் தட்டு முழுவதும் தானாகவே பூட்டாக்கம் செய்யப்பட்டுவிடும். அதனை மீட்கும் சாவி, எந்த மின்னஞ்சலால் நுழைந்தார்களோ அந்தக் கணக்கில் போய்ச் சேரும். கடைப் பையன் அவசரத்துக்குத் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து நிறுவி விட்டால், சங்கத்தின் பெட்டிச் சாவி அவனிடம் இருக்கிறது என்பது பொருள். அவன் நல்லவனாகவே இருக்கலாம். வேலை மாறிப் போய்விட்டால், சாவி கேட்டுத் திரை நிற்கும் நாளில் நாம் அவனை எங்கே தேடுவது? சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வைத்து, அதனால் நிறுவி, மீட்புச் சாவியை அச்செடுத்து இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும்.

தகுதியற்ற பழைய கணினியை உடனே மாற்றச் சக்தியில்லாத சங்கத்துக்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பணம் கட்டிப் பராமரிப்பை நீட்டித்துக்கொள்வது. நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244 என்று அறிவித்தார்கள். மூன்றாண்டுக்குக் கூட்டினால் 427 டாலர். அதைவிடப் புதிய கணினிக்குச் சேர்ப்பது மேல் என்பது நம் அபிப்பிராயம். மற்றொன்று லினக்ஸ். இது நமக்குப் புதிதன்று. தமிழ்நாடு மின்னணுக் கழகமாகிய எல்காட், 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கடிதம் எழுதவும் உலாவி வழியே வேலை பார்க்கவும் மட்டுமான கணினிக்கு இது பொருந்தும். டாலி அதில் நேரடியாக ஓடாது என்பதையும், மின் கையொப்ப டோக்கனைச் சோதித்துப் பார்க்காமல் மாறலாகாது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் குறுக்கு வழிகளும் உலவுகின்றன. அவ்வாறு ஏற்றிய கணினிக்குத் தொடர்ந்து அடைப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கூறவில்லை. சங்கத்துக்கு அது வேண்டாம்.

பழைய பெட்டியையோ பழைய தட்டையோ கழிக்கும்போதும் ஒரு வார்த்தை. சாதாரண விரைவு ஃபார்மட் செய்வதனால் தட்டில் இருந்தவை அழிவதில்லை. பேரேட்டின் முகப்பு அட்டவணையைக் கிழித்துவிட்டு ஏடுகளை அப்படியே விட்டது போலத்தான். மீட்டெடுக்கும் நிரல் ஒன்றிருந்தால் அங்கத்தினரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வெளியே வந்துவிடும். ஆகவே பெட்டியைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போடும் முன் தட்டைக் கழற்றிச் சங்கத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு தணிக்கை முடியும் வரை அதை இரும்புப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு கமிட்டித் தீர்மானத்தின் பேரில் துளையிட்டு, மின்னணுக் கழிவுகளை வாங்கப் பதிவு பெற்றவரிடம் ஒப்படைத்து, ரசீதைக் கோப்பில் சேர்க்கலாம்.